ஆர்பிட்ரேஷன் பேப்பர்: 41-இலிருந்து 68-க்கு

போன வாரம் ரிசல்ட் வந்தது. எல்.எல்.எம்.-இல் அரியர் விழுந்திருந்த பன்னாட்டு ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவரை வைத்துத் தகராறைத் தீர்ப்பது) பேப்பர் 68 மார்க்கோடு கிளியர். முதல் தடவை 41. நடுவில் ஆறு மாதம் ராயபுரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆறு மாதம் இன்னொருவருக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பேப்பர் பேட்டர்ன் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

41 எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வளரும் நாடுகளின் ஆர்பிட்ரேஷன் மையங்கள் என்ற யூனிட்டை ஜெனரல் நாலெட்ஜ் மாதிரி படித்தேன். கோலாலம்பூர் 1978, கெய்ரோ 1979, லாகோஸ் 1989. எல்லாம் மனப்பாடம். தேர்வில் வந்ததோ பிராப்ளம் கேள்வி. சென்னை வியாபாரி ஒருவர் ஐவரி கோஸ்ட்டிலிருந்து முந்திரிக்கொட்டை வாங்குகிறார். சீட், அதாவது ஆர்பிட்ரேஷனின் சட்டப்படியான வீடு, அந்த நாட்டின் அபிஜான் நகரம். விதிகள் ஓஹாடா என்ற ஆப்பிரிக்க நாடுகளின் வணிகச் சட்டக் கூட்டமைப்பின் பொது நீதிமன்றமான சி.சி.ஜே.ஏ.-வுடையவை, சாட்சி விசாரணை மட்டும் சென்னையில். அவார்டு (நடுவர் தீர்ப்பு) வியாபாரிக்கு எதிராகப் போகிறது. அவர் என்ன செய்யலாம்?

நான் மூன்று பக்கம் எழுதினேன். நம் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் அவார்டை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு 34, மூன்று மாதக் கெடு, காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், மெட்ராஸ் ஹைகோர்ட். விசாரணை இங்கே நடந்தது, கட்சிக்காரர் இந்த ஊர், அதனால் கோர்ட்டும் இந்த ஊர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சீட் வெளிநாட்டில் இருந்தால் நம் சட்டத்தின் முதல் பாகமே பொருந்தாது, பிறகு பிரிவு 34 எங்கிருந்து வரும்? 2012-இல் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியாயிற்று. ஆனால் ஜெராக்ஸ் கடையில் நான் வாங்கிய நோட்ஸ், வெளிநாட்டு சீட்டுக்கும் முதல் பாகம் பொதுவாகப் பொருந்தும் என்ற 2002-இன் பாட்டியா தீர்ப்போடு நின்றிருந்தது. பத்து வருடத்துக்கு முன்பே மாறிப்போன சட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது வகுப்பு இல்லை, அப்பா. அவர் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறார். ஒரு நாள் ராத்திரி பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) நகல்களோடு பின் அடித்திருந்த ஒரு விற்பனை ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "சீட் சிங்கப்பூராம். விசாரணையைச் சென்னையில வெச்சுக்கலாமாம். கேஸு இங்க நடக்கும், ஆனா இங்க இருக்கற ஹைகோர்ட்டுக்குப் போக முடியாதா? இன்னாம்மா இது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பேர் ஆக்ட்டை (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம்) திறந்து பிரிவு 20-ஐ வாய்விட்டுப் படித்தேன். நம் 1996 சட்டத்தில் 'சீட்' என்ற சொல்லே கிடையாது. 'இடம்' என்றுதான் இருக்கிறது. 20(1)-இல் வரும் இடம் சட்டப்படியான வீடு, அதாவது சீட். 20(3)-இல் வருவது வசதிக்காக உட்காருகிற இடம், அதாவது வென்யூ. ஒரே சொல், இரண்டு பொருள். ஒப்பந்தத்தில் வெறும் வென்யூ என்று மட்டும் போட்டிருந்தால் என்ன என்பதற்கு 2019-இன் பி.ஜி.எஸ். சோமா தீர்ப்பைப் படியுங்கள். வேறு எதிரான அறிகுறி இல்லை என்றால் அந்த வென்யூவே சீட் ஆகிவிடும்.

அதற்கப்புறம் எந்தக் கேள்வி வந்தாலும் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் நாலு வரி போட ஆரம்பித்தேன்:

ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம்?
ஆர்பிட்ரேஷன் உடன்படிக்கைக்கு எந்தச் சட்டம்?
சீட் எங்கே?
யாருடைய விதிகள்?

மூன்றாவது வரியை முதலில் நிரப்புங்கள். அது தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள். இந்த ஒரு பழக்கம்தான் என்னைப் பாஸ் ஆக்கியது என்று நம்புகிறேன்.

முந்திரிக் கேள்வியையே இப்படிப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது வரியில் அபிஜான், நான்காவதில் சி.சி.ஜே.ஏ. அபிஜானில் உட்கார்ந்திருக்கும் சி.சி.ஜே.ஏ., ஓஹாடாவின் 17 நாடுகளுக்கும் பொதுவான உச்ச நீதிமன்றம். அதுவே ஆர்பிட்ரேஷனை நிர்வகிக்கும் நிறுவனமும்கூட. வழக்கைத் தானே தீர்க்காது. நடுவர்களை உறுதி செய்யும், அவார்டின் வரைவைப் பார்க்கும். அதன் விதிகளின் கீழ் வந்த அவார்டை எதிர்க்க அதனிடமேதான் போக வேண்டும். விதிகள் வேறாக இருந்து சீட் மட்டும் அபிஜான் என்றால், முதலில் அந்த நாட்டு நீதிமன்றம், அங்கிருந்துதான் சி.சி.ஜே.ஏ. நான்காவது வரி மாறினால் கோர்ட்டே மாறும் அபூர்வமான இடம் இது. இரண்டாம் தடவை இதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன்.

சென்னை வியாபாரிக்கு ஹைகோர்ட் கதவு முழுக்கச் சாத்தவில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தில் வேண்டாம் என்று எழுதாத வரை, சீட் வெளிநாட்டில் இருந்தாலும் பிரிவு 9-இன் கீழ் இங்கே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். எதிராளி அவார்டை இங்கே அமல்படுத்த வந்தால் பிரிவு 48-இல் எதிர்க்கலாம். அப்போது பிரிவு 44-ஐ மறக்காதீர்கள். அந்த நாடு வெளிநாட்டு அவார்டுகளை ஏற்பதற்கான நியூயார்க் கன்வென்ஷனில் இருந்தால் மட்டும் போதாது, நம் மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருக்கவும் வேண்டும். சீனாவுக்கே 2012-இல்தான் அந்த அறிவிப்பு வந்தது.

கட்டுரைக் கேள்விக்கு மையங்களைப் பிறப்பை வைத்துப் பிரித்துக்கொண்டேன். உடன்படிக்கையில் பிறந்தது ஓஹாடா அமைப்பு (1993). ஆசிய-ஆப்பிரிக்க சட்ட ஆலோசனை அமைப்பின் முயற்சியில் பிறந்தவை கோலாலம்பூர், கெய்ரோ, லாகோஸ். ஒரு நாடு தனிச் சட்டம் போட்டு உண்டாக்கியவை நைரோபி (2013), நம் டெல்லி மையம் (2019 சட்டம், 2022 திருத்தத்தில் இந்தியா என்ற பெயர் வந்தது). யார் பெற்றார்கள் என்று தெரிந்தால், யாருக்குக் கட்டுப்படும், அரசே கட்சிக்காரராக வரும்போது நடுநிலை நிற்குமா என்ற கேள்விகள் தானாக வரும். வளரும் நாடுகளில் கேட்க வேண்டியதே இதுதான். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு பக்கம் அரசோ அரசு நிறுவனமோ நிற்கும்.

மற்றவை சுருக்கமாக:

- ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2019 திருத்தம் முழுவதும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. ஆகஸ்ட் 30 அன்று சில பிரிவுகள் மட்டும்தான். எந்தப் பிரிவு எப்போது என்று பார்த்து எழுதுங்கள்.
- அவசரகால நடுவர் (நடுவர் குழு அமையும் முன்பே அவசரத்துக்கு வருபவர்): அமேசான்-ஃபியூச்சர் வழக்கு, 2021. அங்கே சிங்கப்பூர் மையத்தின் விதிகள், ஆனால் சீட் டெல்லி. அதனால்தான் நடுவரின் இடைக்கால உத்தரவுக்கான பிரிவு 17 வந்தது.
- இரண்டு இந்தியக் கம்பெனிகளும் வெளிநாட்டு சீட் வைக்கலாம்: பி.ஏ.எஸ்.எல். தீர்ப்பு, 2021.
- பென்சில் வரிகளில் இரண்டாவதற்கு (உடன்படிக்கையின் சட்டம்) இங்கிலாந்தின் 2025 சட்டம் சேர்த்த பிரிவு 6ஏ. தரப்பினர் வெளிப்படையாக வேறு சொல்லாவிட்டால் சீட்டின் சட்டம்தான்.
- மொரீஷியஸ் 2008 சட்டம்: நடுவர் நியமனத்தில் இழுபறி வந்தால் ஹேக்கில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். சின்னக் குறிப்பு, ஆனால் கட்டுரைக்கு உதவும்.
- குரூப் ஸ்டடி வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல், தனியாக, பிரிவைச் சத்தமாகப் படியுங்கள். எங்கள் தெருவில் டிரெய்லர் சத்தம் அடங்கவே பதினொன்று ஆகும், அப்படியும் படித்தேன்.
- நோட்ஸ் வாங்கினால் முதலில் பால்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.