உப்பிய வயிறும் மூன்று மணி வெப்பமானியும்

முதல் நாள். தொட்டியில் ஒரு ஆக்சலாட்டில் வளர்க்கிறேன்; தண்ணீரிலேயே வாழும், பல்லி வடிவ நீர்நில உயிர் அது. அதன் வயிறு பந்து மாதிரி இருந்தது. முந்தின நாள் மண்புழு கூடுதலாகப் போட்டிருந்தேன். செரிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். தப்பு அங்கேதான்.

மூன்றாம் நாள். இரையைத் தொடவில்லை. செவுள்கள் முன்பக்கம் மடங்கியிருந்தன, வால் நுனி சுருண்டிருந்தது. எடை 96 கிராமிலிருந்து 109. சாப்பிடாத உயிருக்கு எடை எப்படி ஏறும்? அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். இரை அடைத்திருந்தால் கருப்பாகத் தெரிந்திருக்கும். வெளிச்சம் இளஞ்சிவப்பாக ஊடுருவிப் போனது. உள்ளே இருந்தது தண்ணீர்.

நன்னீரைவிட இதன் உடம்பில் உப்பு அதிகம். அதனால் தோல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம்தான் ஓயாமல் வெளியே தள்ளுகிறது. அது சோர்ந்தால், ஓட்டைப் படகில் இறைப்பவன் கையை எடுத்த கதைதான்.

ஏன் சோர்ந்தது? வெப்பமானியைக் காலை 7 மணிக்கு மட்டுமே பார்ப்பேன்: 21. அன்று பிற்பகல் 3 மணிக்குப் பார்த்தால் 26! இதற்குத் தோதானது 16 முதல் 18 டிகிரி. சூடு ஏற ஏற உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், தண்ணீரிலோ அது குறையும். தினமும் மதியம் அதை வேகவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான்காம் நாள் கால்நடை மருத்துவரிடம் போனேன். தொற்று, இதயக் கோளாறு எல்லாமே இப்படி உப்பவைக்குமாம். சோதித்துவிட்டு, சிறுநீரகம்தான் என்று தோன்றுகிறது என்றார். ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்தார். ரிங்கர் கரைசலில் குளியலும் சொன்னார். உடம்பின் உப்பளவை ஒட்டிய கரைசல் என்பதால் தண்ணீர் உள்ளே பாய்வது குறையும். உப்பைக் கண்ணளவில் போட்டு நானாகச் செய்யத் துணியவில்லை.

குளிர்விப்பதில்தான் அதிகம் அல்லாடினேன். ஐஸ் பாட்டில் போட்டால் சரேலென இறங்கி, உருகியதும் ஏறிவிடும். அந்த ஊசலாட்டமே ஒரு தொல்லை. அப்புறம் நீர்ப்பரப்பில் காற்றுப்படும்படி சின்ன மின்விசிறி வைத்தேன். 3 டிகிரி இறங்கியது, ஈரப்பதம் மிகுந்த நாளில் 1 கூட இல்லை. விளக்கையும் கழற்றினேன். போதாமல் கடைசியில் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர்தான். இரண்டு நாளில் மெல்ல 17-க்குக் கொண்டுவந்தேன்.

பதினெட்டாம் நாள். எடை 99. பாதி மண்புழு சாப்பிட்டது, மீதியைத் துப்பிவிட்டது. பின்னங்கால் இடுக்கில் இன்னும் லேசாக வீக்கம். மூன்று மணி அளவு: 17.5.