மேடை லைட்டிங் வேலை: நியூட்ரலில் தொடங்குங்கள்

நாடக லைட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் கலரைப் பற்றித்தான். சோகக் காட்சிக்கு எந்த ஜெல் (விளக்குக்கு முன்னால் மாட்டும் கலர்த் தாள்), சாயங்காலத்துக்கு எந்த ஜெல் என்று. அதற்கெல்லாம் நேரம் வரும். வாடகை லைட்டை வைத்துக்கொண்டு காலையில் சாவி வாங்கி மாலையில் ஷோ போடும் சபாக்களில், முதல் இரண்டு வருடம் உங்கள் சோறு கரண்ட்டில்தான் இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியிலோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ நாடகம் படித்து வரலாம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்தும் வரலாம். இரண்டாவது வழியில் வருகிறவரை லோடிங் அன்றைக்கே ஆள் தேடிப் பிடித்துக்கொள்வார்கள்.

கணக்கு சுலபம். ஒரு பார் 64 விளக்கு 1000 வாட். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றில் மூன்று மாட்டலாம். நாலாவதை மாட்டினால் 17-ஐத் தாண்டும். முதலில் பிளக் சூடாகி பிளாஸ்டிக் வாடை வரும், கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்ச் விழுவது அதற்கப்புறம்தான். 24 பார் தொங்கினால் 24 கிலோவாட். மூன்று பேஸிலும் (ஆர், ஒய், பி என்று வரும் மூன்று கரண்ட் வயர்கள்) சமமாகப் பிரித்தால் பேஸுக்கு 35 ஆம்பியர்.

அந்த 'சமம்' என்ற இடத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். முன் லைட் எட்டு ஆர் பேஸில், பின் லைட் எட்டு ஒய் பேஸில், சைடு லைட் எட்டு பி பேஸில் என்று பிரித்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் முன் லைட் மட்டும் எரியும் வசனக் காட்சியில் ஒரே பேஸ் 35 ஆம்பியரையும் சுமக்கும். அந்த 35-ம் அப்படியே, கரண்ட் திரும்பிப் போகும் பொது வயரான நியூட்ரல் வழியாகத் திரும்பும். எந்த விளக்குகள் சேர்ந்து எரியப்போகின்றன என்று க்யூ ஷீட்டை (எந்தக் காட்சிக்கு எந்த லைட் என்ற பட்டியலை) பார்த்துத்தான் பேஸ் பிரிக்க வேண்டும்.

இது ஏன் உயிர்நாடி என்றால், ஜெனரேட்டர் மாற்றும்போதோ பழைய போர்டிலோ நியூட்ரல் திருகு தளர்ந்திருக்கும். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு பேஸின் சுமைகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நிற்கும். ஒரு பக்கம் எட்டு பார், இன்னொரு பக்கம் 200 வாட் அளவுக்கு எல்இடியும் கன்சோலும் (லைட்டுகளை இயக்கும் கருவி) என்றால், சுமை குறைந்த பக்கத்துக்கு ஏறத்தாழ 390 வோல்ட் போகும். பார் விளக்குகள் மங்கும், எல்இடியும் கன்சோலும் புகையும். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதனால் எல்இடியையும் கன்சோலையும் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து மூன்று பேஸையும் நியூட்ரலோடு அளந்து பாருங்கள். பிறகு ஒரு பேஸில் மட்டும் நாலு பாரை முழுதாக ஏற்றிவிட்டு மறுபடி அளங்கள். மற்ற பேஸ்களில் வோல்ட்டேஜ் கணிசமாக ஏறினால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பேஸ்களுக்கு முன்பே நியூட்ரலை இணைத்து, பேஸ்களுக்குப் பிறகே கழற்றுவது பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

தொங்கவிடும்போது ஒவ்வொரு விளக்குக்கும் சேஃப்டி செயின். விதிவிலக்கே கிடையாது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடாகி அங்கேதான் வெடிக்கும்.

ப்ரொஃபைல் ஸ்பாட் (விளிம்பு கூர்மையான வட்டம் போடும் விளக்கு) எடுக்கும்போது, ஒளி விரியும் கோணம் எந்த டிகிரி என்று குழம்ப வேண்டாம். விளக்குக்கும் நடிகருக்கும் உள்ள தூரத்தை 26 டிகிரிக்கு 0.46-ஆலும், 36-க்கு 0.65-ஆலும், 50-க்கு 0.93-ஆலும் பெருக்குங்கள். வட்டத்தின் அகலம் கிடைத்துவிடும். 8 மீட்டரிலிருந்து 26 டிகிரி 3.7 மீட்டர் விரியும், 36 டிகிரி 5.2 மீட்டர்.

இனி கலர். வெளிநாட்டுப் பாடங்களில் முகத்துக்குச் சொல்லும் லீ 117 (லீ நிறுவனத்தின் ஜெல் எண்) மாதிரி பச்சை கலந்த நீலம் நம் மாநிறத்தைச் சாம்பலாக்கிவிடும். லீ 152 அல்லது 147 முகத்தில் உட்காரும். நீலத்தைப் பின் லைட்டுக்கும் சைடுக்கும் கொடுங்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் கருங்கூந்தல் கரைந்து போகாமல் இருக்கவும் அந்தப் பின் லைட்தான் காரணம். இதைவிடப் பெரிய தொல்லை வெள்ளை வேட்டி சட்டை. முகத்துக்குப் போதுமான வெளிச்சம் வைத்தால் வேட்டி கண்ணைக் கூசும். வேட்டிக்காகக் குறைத்தால் முகம் இருண்டு போகும். உடையை ஒருமுறை டீத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயப்போடச் சொல்லுங்கள். பார்வையாளருக்கு அது வெள்ளையாகவே தெரியும், உங்களுக்கு முகம் கிடைக்கும்.

கன்சோலின் கட்டளையை விளக்குகளுக்குக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் வயரில் நடக்கும் கோளாறு பெரும்பாலும் மூன்றே வகை. மைக் கேபிளை மாட்டியிருப்பார்கள், கடைசி விளக்கில் வயரின் முனையை மூடும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்காது, அல்லது ஒரே வரிசையாகப் போகாமல் வயர் Y வடிவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். வயரின் கடைசியில் இருக்கும் விளக்குகள் துடித்தால் முதலில் டெர்மினேட்டரைப் பாருங்கள். ஏழு சேனல் எல்இடி பார்களுக்கு அட்ரஸ் (ஒவ்வொன்றின் தொடக்க சேனல் எண்) 1, 8, 15, 22 என்று போகும். ஒன்று மட்டும் எட்டு சேனல் மோடில் இருந்தால் அதன் கலர் தாறுமாறாகும், அடுத்த விளக்கின் முதல் சேனலுக்கும் அது சேர்ந்து ஆடும். ஹாலஜனும் எல்இடியும் சேர்ந்து அணையும் ப்ளாக்அவுட்டில் எல்இடிக்கு அரை வினாடி ஃபேட் (மெல்ல மங்குவது) கொடுங்கள். இழை குளிர நேரம் எடுக்கும், எல்இடிக்கு அது வேண்டாம். கொடுக்காவிட்டால் காட்சி இரண்டு தடவை அணைவது போல் தெரியும்.

கன்சோல் வாங்கப் பணம் வேண்டாம். க்யூஎல்சி பிளஸ் என்ற லைட்டிங் சாஃப்ட்வேர் இலவசம்; வீட்டிலேயே லேப்டாப்பில் க்யூ அடுக்கிப் பழகலாம்.

சம்பளம் பேசும்போது டிசைன் கட்டணம், ஆபரேட்டர் நாள் கூலி, லைட் வாடகை மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஒரே தொகையாகச் சொன்னால் வாடகை ஏறும்போது உங்கள் டிசைன் கட்டணம்தான் கரையும். இரண்டு முழு ஒத்திகைகளாவது பார்க்காமல் டிசைன் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டு போடுங்கள்: மேடை அகலம், பைப் உயரம், போர்டு எந்தப் பக்கம், பேஸுக்கு எத்தனை ஆம்பியர், பிளக்குகள் எந்த வகை. அது கையில் இருந்தால், அடுத்த குழு போன் செய்யும்போதே எத்தனை மீட்டர் கேபிள் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிடலாம்.