பின் சீட்டில் ஆள் இருந்தால்

அடியோடு ஓடாத வண்டியைக் கண்டு எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் பயப்படமாட்டான். ரோட்டில் நின்றுவிட்டு, பட்டறைக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிற வண்டிதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2001 மாடல் பெட்ரோல் கார் என்னை மூன்று வாரம் அப்படி அலைக்கழித்தது. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகும்போது, நீடாமங்கலம் தாண்டி வலங்கைமானுக்குள் எங்காவது நின்றுவிடும். இருபது நிமிஷம் மரத்தடியில் காத்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

"சூடானா நிக்குது தம்பி, ஆறினா ஓடுது" என்றார் சார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கக் கூடாது.

சூட்டில் மக்கர் பண்ணும் சாமான்கள் உண்டுதான். பம்புக்குக் கரண்டை விடுகிற சுவிட்சுதான் ரிலே. அது பழசானால் உள்ளே ஈயம் வைத்த இடத்தில் மயிரிழை போல வெடிப்பு விழும். சூடானால் தொடுப்பு விட்டு, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ரிலேயை மாற்றினேன். இரண்டாம் நாளே நின்றது. சாவியைப் போட்டதும், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பு பின்னால் இரண்டு விநாடி 'ஊம்' என்று உறும வேண்டும். நின்ற நேரத்தில் அந்தச் சத்தம் இல்லை என்று சார் கவனித்துச் சொன்னார். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். சாரோ எப்போதும் முள் சிவப்பைத் தொட்ட பிறகே பெட்ரோல் போடுகிறவர். பம்பு வெந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ரிலேயைப் பிடுங்கி, அது இருந்த இடத்தில் 30, 87 என்று எண் கொண்ட இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, பம்பின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 12.4 வோல்ட். கரண்டு சரியாக வருகிறது, அப்படியானால் பம்புதான். புதுப் பம்பு போட்டேன்.

நான்கு நாள் ஓடியது.

மீட்டரைக் குறை சொல்லக் கூடாது. அது உறிஞ்சும் கரண்டு கொசு குடிக்கிற அளவுதான். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிடும். பம்பு கேட்பது நாலைந்து ஆம்பியர். அந்த ஒற்றை இழை அதற்குத் தாங்காது. வண்டியின் கம்ப்யூட்டரிலும் பிழைக் குறி எதுவும் இல்லை. அந்தக் காலத்து வண்டி, பம்பிலிருந்து கரண்டு திரும்பிப் போகும் எர்த் ஒயர் சரியா என்றெல்லாம் அது பார்க்காது.

அடுத்த முறை வண்டியோடு சாரின் மனைவியும் வந்திருந்தார். "நான் ஏறினாத்தான் வண்டி நிக்குதாம். என் ராசின்னு சொல்லிச் சிரிக்கிறாரு" என்றார். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் சுருக்கென்றது. நான் தனியாக ஓட்டிப் பார்த்தபோது ஒரு தடவைகூட நின்றதில்லை. வண்டி நின்றால் எல்லாரும் இறங்கி மரத்தடிக்குப் போகிறார்கள். அது ஆறியதால் ஸ்டார்ட் ஆகிறதா, ஆள் இறங்கியதாலா?

மறுநாள் 21 வாட் பல்பு இரண்டு எடுத்தேன். ஒன்று பம்புக்கு வரும் கரண்டுக்கு, இன்னொன்று பம்பிலிருந்து போகும் எர்த்துக்கு. ஒயரை நீளமாக இழுத்து இரண்டையும் டேஷ்போர்டில் வைத்தேன். இதில் முன்னே அணைவது எது என்பதுதான் விஷயம். இன்ஜின் நின்றுவிட்டால் கம்ப்யூட்டரே ரிலேயை அணைத்துப் பம்புக்குக் கரண்டை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு பார்த்தால் ஒன்றும் விளங்காது. பட்டறைப் பையன்கள் இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்து நீடாமங்கலம் ரோட்டில் ஓட்டினேன். ஒரு பாலத்து மேடு தூக்கிப் போட்டது. எர்த் பல்பு பட்டென்று அணைந்தது. மற்றது எரிந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் வண்டி இழுத்து நின்றது. "டேய், அசையாதீங்கடா!" என்று நான் கத்தியதில் பையன்கள் மிரண்டுபோனார்கள்.

பின் சீட்டைத் தூக்கினேன். சீட்டின் இரும்புச் சட்டம் அழுத்தும் இடத்தில், எர்த் ஒயரில் நீல டேப் சுற்றிய ஒரு ஒட்டு. நான்கு வருஷத்துக்கு முன் சம்பா அறுப்பு முடிந்து, வயலில் இருந்த எலி வைக்கோல் போருக்கும் அங்கிருந்து கார் ஷெட்டுக்கும் குடிவந்தபோது கடித்துப்போட்ட ஒயர். முறுக்கி டேப் சுற்றியவன் நான்தான். பம்பு மாற்றிய அன்றும் அந்த ஒட்டைப் பார்த்தேன். நம் கை வேலைதானே என்று பிரிக்கவில்லை.

பிரித்தால் பச்சைக் களிம்பு. இழைகள் பொடிந்து இரண்டோ மூன்றோ மிச்சம். ஒரு சாண் வெட்டித் தள்ளியும் உள்ளே செம்பு கறுத்தே இருந்தது. ஐப்பசி கார்த்திகை ஈரம் ஒயருக்குள்ளேயே ஏறியிருக்கிறது. புது ஒயர் இழுத்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சட்டத்துக்கு எட்டாத பக்கமாகக் கட்டினேன்.

சாரிடம் உள்ளதைச் சொன்னேன். கூலி வாங்கவில்லை. பழைய பம்பைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்து, "இது நல்ல பம்பு சார், வச்சிருங்க" என்றேன். அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "எடுங்க, கும்பகோணம் போவோம்" என்றார்.