மொட்டை மாடியில் உறங்கத் தெரியாத உணரிகள்

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஐந்து தண்ணீர்த் தொட்டிகள் உள்ளன. 2024 கோடையில் பெங்களூருவில் பல ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்த நாள்களுக்குப் பிறகு, நீர்மட்டத்தை அளந்து கம்பியில்லாமல் தெரிவிக்கும் உணரிகளை அத்தொட்டிகளில் பொருத்தினேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கும்படிதான் நிரல் எழுதியிருந்தேன். மூன்று பென்சில் பேட்டரிகள் ஓராண்டாவது தாங்கும் என்று நம்பியிருக்க, 17 நாள்களில் ஐந்தும் அடுத்தடுத்து நின்றுபோயின.

பேட்டரிக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் நடுவே மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, உணரி உறங்கும் வேளையில் எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்று பார்த்தேன். சில மைக்ரோ ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 6.2 மில்லி ஆம்பியர் என்று காட்டியது. நிரலை இயக்கும் சில்லான நுண்கட்டுப்படுத்தி உறங்கிக்கொண்டுதான் இருந்தது. விழித்திருந்தவை வேறு இரண்டு: மின்சாரம் வருகிறது என்று சொல்வதற்காகவே ஓயாமல் எரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் மலிவான பலகைகள் பலவற்றில் காணப்படும் ஏ.எம்.எஸ்.1117 என்ற மின்னழுத்தச் சீராக்கி மற்றொன்று. பிந்தையது, சும்மா இருக்கும்போதும் தன் இயக்கத்துக்கென்றே ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். விளக்கைப் பெயர்த்தெடுத்து, சில மைக்ரோ ஆம்பியரே கேட்கும் சீராக்கியைப் பற்றவைத்ததும் மீட்டர் 0.03 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

செய்தி அனுப்பும்போதுதான் பேட்டரி கரைகிறது என்று பலரும் எண்ணுகிறோம். கம்பியில்லா உணரி வலையமைப்பு ஆய்வுகளில் நெடுங்காலம் புழங்கிய சிசி2420 ரேடியோ சில்லுக்கு, முழுத் திறனில் அனுப்ப 17.4 மில்லி ஆம்பியரும், கேட்டுக்கொண்டிருக்க 18.8 மில்லி ஆம்பியரும் தேவை. யாரும் பேசாத வேளையில் காதைத் திறந்து வைத்திருப்பதற்கே கூடுதல் செலவு. ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால், பேட்டரியின் 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும்; நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் கேட்டால், ரேடியோவின் கணக்குப்படி ஒன்றரை ஆண்டு வரும். அண்டைக் கணுக்கள் (வலையமைப்பிலுள்ள உணரிகள்) ஒரே அட்டவணைப்படி விழித்து உறங்கும் எஸ்-மேக் என்ற தகவல்தொடர்பு நெறிமுறை 2002இல் வந்தது இதற்காகத்தான்.

பெரிய வலையமைப்பில், மற்றவற்றின் செய்திகளையும் சுமக்கும் கணு முதலில் சாகும். இதற்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வெண்டி ஹைன்செல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் முன்வைத்த லீச் நெறிமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். கணுக்கள் குழுக்களாகப் பிரியும். தலைமைக் கணு தன் குழுவின் அளவீடுகளைத் திரட்டிச் சுருக்கி அனுப்பும். ஒருமுறை தலைமை ஏற்றது, மற்றவை ஏற்று முடிக்கும் வரை மீண்டும் ஏற்காது. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும்.

எங்கள் ஐந்து கணுக்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மட்டம் இரண்டு சென்டிமீட்டராவது மாறினால்தான் இப்போது அனுப்புகின்றன. மாறாவிட்டாலும், உயிரோடிருப்பதைச் சொல்ல ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மோட்டார் அறையை ஒட்டிய தொட்டியில் இருப்பது மட்டும், கான்கிரீட் சுவர் மறைப்பதால் செய்தி வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை கிடைக்காமல், ஒரே செய்தியை மூன்று நான்கு முறை அனுப்புகிறது. அதன் ஆன்டெனாவை ஒரு முழம் உயர்த்துவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு மேலே போகிறேன்.