தினம் ஒரு மாத்திரை

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் பராட்டா வருவதற்குள் பெரியம்மா ஒரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினார். இன்றைய புற்றுநோய் சிகிச்சை முடிந்தது.

அட்டையின் பின்னால் கிழமைகளை அவரே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிறு மட்டும் சிவப்பு மையில்.

நுரையீரலில் கட்டி. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. (பெரியப்பா ஊதித் தள்ளியதுதான் காரணம் என்று சொந்தத்துக்குள் ஒரு வழக்கு இன்னும் ஓடுகிறது.)

சோதித்ததில் இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம். செல்லைப் பெருகச் சொல்லும் சுவிட்ச் அணையாமல் மாட்டிக்கொண்ட மாதிரி. மாத்திரை அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் போய் உட்கார்ந்து அதை அடக்குகிறது. இந்த மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் அந்த வகை மருந்து நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்ததே 2004இல்தான். புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இது அதிகம்.

புற்றுநோய்ச் செல்லும் சும்மா இருக்காது. இன்னொரு மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டு மருந்திடமிருந்து நழுவும். அப்புறம் அதற்கென்று வேறு மருந்து.

பெரியம்மாவின் கவலையோ பக்கவிளைவாக முகத்தில் வரும் பருக்கள். “இந்த வயசுல பருவாடா?” என்கிறார், பராட்டாவைப் பிய்த்துக்கொண்டே.