இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு விமானம் ஏறலாமா?

ஏழாம் மாத வளைகாப்பைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை ஆசையோடு கேட்டதிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டில் இதே யோசனைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விதிப்படி, சிக்கலற்ற கர்ப்பத்தில் ஒரே குழந்தையென்றால் 36 வாரம் வரையிலும், இரட்டையென்றால் 32 வாரம் வரையிலும் பறக்கலாம். 29ஆவது வாரத்திலிருந்து மருத்துவர் சான்றிதழும் தேவை. ஆக, போவதற்கு விதி இடம் தருகிறது. சடங்கு முடிந்து திரும்பும் தேதிதான் உதைக்கிறது.

நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்றாலும், அழுத்தக் காலுறையும் இடையிடையே சிறு நடையும் அதைக் குறைக்கும் என்பதால், அது எனக்குப் பெரிய தடையாகத் தோன்றவில்லை. இரட்டையர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள் என்பதும், என் குழந்தைகள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தவறக்கூடாது என்பதும்தான் யோசிக்க வைத்தன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தீவிர சிகிச்சைச் செலவைப் பல பயணக் காப்புறுதிகள் ஏற்பதில்லை (அந்தப் பொடி எழுத்தை யார்தான் படிக்கிறார்கள்!).

எனவே நான் போகவில்லை. கண்ணாடி வளையல் இங்கே சிங்கப்பூரின் தேக்கா கடைகளிலேயே கிடைக்கும். அத்தைக்கும் அம்மாவுக்கும் இங்கு வர டிக்கெட் பதிவு செய்துவிட்டோம்.