டேகேர் எஃப்.எஸ்.ஏ: ரசீதில் தேதி இல்லையென்றால் காசு வராது

ஓப்பன் என்ரோல்மென்ட்டில் (கம்பெனி சலுகைகளை வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் நேரம்) டிபெண்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வைத் (வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து டேகேர் செலவுக்கு ஒதுக்கும் கணக்கு) தேர்ந்தெடுத்து, தொகையைப் போட்டு, சப்மிட் அடிப்பது ஐந்து நிமிட வேலை. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. தலைவலி ஆரம்பிப்பது முதல் க்ளெய்ம் போடும்போதுதான்.

அமெரிக்காவில் பெரும்பாலான டேகேர்கள் போல எங்களுடையதும் மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடும். கட்டின கையோடு ரசீதை அப்லோட் செய்தால், கணக்கை நடத்தும் நிறுவனத்திடமிருந்து நிராகரிப்பு மெயில் வந்து நிற்கிறது. ஃபோன் போட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் மெயிலில் உள்ள அதே வாக்கியத்தைத் திரும்பப் படிக்கிறார். விளக்கம் கேட்டால் மறுபடியும் அதே வாக்கியம். விஷயம் இதுதான்: பணம் கட்டிய தேதி முக்கியமில்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்ட தேதிதான் கணக்கு. பிப்ரவரிக் கட்டணத்தை ஜனவரி 25 அன்றே கட்டியிருந்தாலும், பிப்ரவரி முடிந்த பிறகுதான் அந்த மாதத்துக்கு முழுக் க்ளெய்ம் போட முடியும்.

மருத்துவச் செலவுக்கான மெடிக்கல் எஃப்.எஸ்.ஏ. பழகியவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே ஜனவரி 1 அன்றே வருடத் தொகை முழுவதையும் எடுத்துச் செலவு செய்யலாம். இங்கே சம்பளத்தில் இதுவரை பிடித்தது மட்டும்தான் திரும்பி வரும். வருடத்தின் முதல் சில மாதங்களுக்கு டேகேர் பணத்தைக் கையிலிருந்து போட்டுச் சமாளிக்கத் தயாராக இருங்கள்.

ரசீதில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: டேகேரின் பெயர், குழந்தையின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன சேவை, எவ்வளவு தொகை. டேகேர் ஆப்பிலிருந்து தானாக வரும் ரசீதில் பெரும்பாலும் பணம் கட்டிய நாளும் தொகையும் மட்டுமே இருக்கும். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை ஏற்க மாட்டார்கள். ரசீதோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எஃப்.எஸ்.ஏ.வை நடத்தும் பல நிறுவனங்களின் க்ளெய்ம் படிவத்திலேயே டேகேர்காரர் கையெழுத்துப் போடும் இடம் இருக்கிறது. தேதிகளை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தனி ரசீதே தேவையில்லை. ஃபோனில் பேசியவர் இதைக் கடைசி வரை சொல்லவில்லை, படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

அடுத்த இழுபறி வரி எண். வருமான வரி ரிட்டர்னில் டேகேர் செலவைக் காட்டும் ஃபார்ம் 2441 கட்டாயம். அதில் டேகேரின் பெயர், முகவரி, வரி எண் மூன்றும் கேட்பார்கள். பெரிய டேகேர் என்றால் இ.ஐ.என். (நிறுவனங்களின் வரி எண்) கேட்டவுடன் கிடைக்கும். வீட்டில் வைத்துக் குழந்தை பார்ப்பவர்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தரத் தயங்குவார்கள், சிலர் வருமானத்தைக் காட்டாததால் தரவே மாட்டார்கள். குழந்தையைச் சேர்க்கும்போதே, இந்த எண்ணைக் கேட்பதற்கான ஃபார்ம் டபிள்யூ-10 கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் போடும் ஏப்ரலில் போய் நின்றால் கிடைக்காது. கேட்டும் தரவில்லையென்றால் முயற்சி செய்ததை எழுதி ரிட்டர்னோடு இணைக்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. கேட்டதற்கான மெயிலைப் பத்திரமாக வையுங்கள்.

இவ்வளவு பாடு படுவது எதற்கு? 1986 முதல், 2021 ஒரு வருடம் தவிர, 5,000 டாலரிலேயே கிடந்த வரம்பு 2026-லிருந்து குடும்பத்துக்கு 7,500 டாலர். ஆனால் கம்பெனி தன் திட்டத்தை மாற்றியிருந்தால்தான் இது செல்லும், எச்.ஆரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 22% வரி அடுக்கில் இருப்பவருக்கு, ஃபைகாவின் (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) 7.65% சேர்த்து, 7,500-க்கு ஏறக்குறைய 2,220 டாலர் மிச்சம். எஃப்.எஸ்.ஏ. வேண்டாம், ரிட்டர்னில் டேகேர் கிரெடிட் (செலவில் ஒரு சதவீதத்தை வரியிலிருந்து கழிப்பது) போதும் என்றால் ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் செலவுதான் கணக்கு. 20% விகிதத்தில் வெறும் 600. இரண்டு குழந்தைகள் உள்ளவர்கள் 5,000-ஐ எஃப்.எஸ்.ஏ.வில் போட்டு, கிரெடிட் வரம்பான 6,000-இல் மிச்சமிருந்த 1,000-க்கு 200 டாலர் கிரெடிட் வாங்கிய பழைய உத்தி, 7,500 முழுவதையும் போடுபவர்களுக்கு இனி பலிக்காது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு 2026-லிருந்து கிரெடிட் விகிதம் 20%-க்கு மேல், வருமானத்தைப் பொறுத்து 50% வரை போகிறது. அவர்கள் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது எச்-4 (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைக்கான விசா, பலருக்கு வேலை அனுமதி இருக்காது) விஷயத்தில். கணவன், மனைவி இருவருக்குமே சம்பாதித்த வருமானம் இருக்க வேண்டும். இருவரில் யாருடையது குறைவோ அதுதான் உச்ச வரம்பு. ஒருவருக்கு வருடம் முழுவதும் வருமானமே இல்லையென்றால், பிடித்த தொகை மொத்தமும் மறுபடி வரிக்குள் வந்துவிடும். முழுநேர மாணவராக வருடத்தில் ஐந்து மாதங்களாவது இருந்தால் விலக்கு உண்டு: ஒரு குழந்தைக்கு மாதம் 250, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 500 டாலர் சம்பாதித்ததாக வைத்துக்கொள்வார்கள். இருவரும் வேலை பார்த்து, பேசிக்கொள்ளாமல் அவரவர் கம்பெனியில் முழு வரம்பைப் போட்டுவிடும் வீடுகளும் உண்டு. கூடுதல் தொகைக்கு வரி கட்ட வேண்டியதுதான். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அம்மாவுக்குச் "சம்பளம்" கொடுத்துக் க்ளெய்ம் போடும் யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த விசாவில் வேலை பார்க்கவே கூடாது, மறந்துவிடுங்கள்.

ப்ரீஸ்கூல் கட்டணம் செல்லும், கிண்டர்கார்டனிலிருந்து ஸ்கூல் ஃபீஸ் செல்லாது. பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் கட்டணமும் கோடை டே கேம்ப்பும் செல்லும், இரவு தங்கும் கேம்ப் செல்லாது. 13 வயது பிறந்தநாளோடு எல்லாம் நின்றுவிடும்.

வருட நடுவில் தொகையை மாற்ற முடியாது என்று எச்.ஆர். அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். டேகேர் கட்டணம் ஏறினாலோ, டேகேரையே மாற்றினாலோ தொகையை மாற்ற ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) விதி அனுமதிக்கிறது. ஆனால் கம்பெனித் திட்ட ஆவணத்திலும் அது இருக்க வேண்டும், பெரும்பாலும் 30 நாட்களுக்குள் கேட்டுவிட வேண்டும். மெடிக்கல் எஃப்.எஸ்.ஏ.வுக்கு இந்தச் சலுகை இல்லாததால் எச்.ஆர். ஆட்களே குழப்பிக்கொள்கிறார்கள். ஆவணத்தை அனுப்பச் சொல்லி, அந்தப் பத்தியை எடுத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

செலவாகாத பணம் அடுத்த வருடத்துக்குப் போகாது. சில திட்டங்கள் மார்ச் 15 வரை செலவு செய்ய அவகாசம் தரும். முந்தைய வருடச் செலவுக்குக் க்ளெய்ம் அனுப்பும் கடைசித் தேதி வேறு, இரண்டையும் போர்ட்டலில் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பள அறிக்கையான டபிள்யூ-2 வந்ததும் பாக்ஸ் 10-இல் உள்ள தொகை சம்பளத்தில் பிடித்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டு ஃபார்ம் 2441-ஐ நிரப்புங்கள்.